துளை மூடும் நேரம்

லூன் பறவையின் விலை ஐந்து டாலர். மூன்றாக எடுத்தால் பன்னிரண்டு. வெண்டலின் தூண்டில் கடையில், பொடிமீன் தொட்டிக்கும் காபி இயந்திரத்துக்கும் நடுவில் இருந்த கண்ணாடி ஜாடியில் காசைப் போட்டுவிட்டு, டிக்கெட்டில் பெயரும் நாளும் மணியும் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு வெண்டல் ஒரு டஜன் பொடிமீன் இனாமாகக் கொடுத்தார். அதில் பாதி ஏற்கெனவே செத்தது. இனாமைத் திருப்பிப் பார்த்துப் பேரம் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

பறவையை யாரும் வாங்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லூன், மினசோட்டாவின் மாநிலப் பறவை. கரையில் ஒதுங்கிய ஓர் இறகைப் பொறுக்கித் தொப்பியில் செருகிக்கொண்டாலும் குற்றம்தான். விற்பனைக்கு வந்தது, அந்தப் பறவை நீந்திக்கொண்டிருந்த துளை. ஹல்வர்சன் ஏரி முழுவதும் உறைந்த பிறகு மிச்சமிருந்த ஒரே தண்ணீர். அது எந்த நாள், எந்த மணிக்கு மூடும் என்று சரியாக ஊகிப்பவருக்கு வசூலில் பாதி. மறுபாதி, பறவையைக் காப்பாற்ற.

ஊரில் யாருக்கும் இது விபரீதமாகப் படவில்லை. வருடா வருடம், இன்ஜினைக் கழற்றிய பழைய கார் ஒன்றை உறைந்த ஏரியின் நடுவில் நிறுத்தி, வசந்தத்தில் அது எப்போது முழுகும் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் நாங்கள். அந்தக் காசில்தான் பள்ளிக்கூட இசைக்குழுவுக்கு ஊதுகொம்பு வந்தது, தீயணைப்பு வண்டிக்கு டயர் வந்தது. கார் முழுகினால் ஊருக்கு நல்லது என்று நினைவு தெரிந்த நாளிலிருந்து பழகியவர்களிடம், துளை மூடினால் பறவைக்கு நல்லது என்று சொன்னால், தலையாட்டிவிட்டுப் பேனாவைத்தான் தேடுவார்கள்.

பறவையை முதலில் பார்த்தவர் வெர்னா கிவேலா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வீட்டுச் சமையலறை ஜன்னல் நேராக ஏரியைப் பார்த்து இருந்தது. அதன் தாயும் தந்தையும் இலையுதிர் காலத்திலேயே தெற்கே கிளம்பிவிட்டன. லூன்கள் அப்படித்தான், பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. இது அந்த வருடத்துக் குஞ்சு, சாம்பல் நிறம். என்ன காரணமோ, பின்தங்கிவிட்டது. லூனுக்குக் கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருக்கின்றன. தண்ணீரில் அதை மிஞ்ச ஆளில்லை, நடக்கத்தான் வராது. பறக்க வேண்டுமென்றால் தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடி எழும்ப வேண்டும். நவம்பர் கடைசியில் துளை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் அளவுக்கு இருந்தது. பறவை இரவும் பகலும் சுற்றிச் சுற்றி நீந்தித் தண்ணீரை உறையவிடாமல் வைத்திருந்தது. நீந்துவதை நிறுத்தினால் துளை மூடும். நீந்தினாலும் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும்.

"வெண்டல்கிட்ட பெரிய கைவலை இருக்கு," என்றார் வெர்னாவின் கணவர் ஆர்வோ. "நம்ம கனூவ ஐஸ் மேல இழுத்துட்டுப் போனா அரை மணி நேர வேல. ஓரம் உடைஞ்சாலும் படகுலதான இருப்போம்."

"அது மாநிலப் பறவை, ஆர்வோ. தொட்டா ஜெயில்."

"போயேன். உன் சமையலப் பாக்கறப்ப அங்க சாப்பாடு மோசமா இருக்காது."

"உன் நாக்குக்கு நான் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வேக வெக்கிற ஹாட்டிஷே அதிகம். இதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. முறையா சொல்லுவோம். முறையா வந்து எடுப்பாங்க."

அந்த ஆபீஸின் பெயர், வடபுல நீர்ப்பறவை மீட்பு மற்றும் மறுவாழ்வு அறக்கட்டளை. காயம்பட்ட பறவை என்றால் ஒன்றை அழுத்துங்கள், அனாதைப் பறவை என்றால் இரண்டை அழுத்துங்கள், நன்கொடை என்றால் எதையும் அழுத்த வேண்டாம், உடனே பேசுகிறோம் என்றது தொலைபேசி. வெர்னா இரண்டை அழுத்தினார். வெகுநேரம் பியானோ கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"பறவையோட அப்பா அம்மா உயிரோட இருக்காங்களா, மேடம்?"

"ஃப்ளோரிடா பக்கம் போயிருப்பாங்கம்மா."

"அப்போ அனாதை இல்லையே."

"இந்த ஊர்ல பாதிப் பேரோட அப்பா அம்மா குளிருக்கு ஃப்ளோரிடாலதான் கிடக்காங்க. அவங்க வீட்டுக் குழாய் உறைஞ்சா நாங்க போய்ப் பாக்கிறதில்லையா?"

அந்தப் பெண் இதை எழுதிக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்: "தயவுசெஞ்சு நீங்க எதுவும் செஞ்சுடாதீங்க. நாங்க வர்றோம்."

வெர்னா எதுவும் செய்யவில்லை.

அவர்கள் வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஐந்து பேர், ஐந்து பேரின் முதுகிலும் லூன் படம். பறக்கும் கேமராவை ஏவித் துளையின் நீள அகலம் எடுத்தார்கள். கரையில் நின்று பறவையின் மனநிலை பற்றி விவாதித்தார்கள். வெர்னா செய்த எலுமிச்சை இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டு, மாலையில் லூத்தரன் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் பொதுக்கூட்டம் என்று அறிவித்தார்கள்.

கூட்டத்தில் பேசியவர் நிர்வாக இயக்குநர் கிரெய்க் லண்டீன். உயரமான மனிதர். பேச்சின் நடுவில் கண்ணை மூடிக்கொள்வார், பறவைக்காக.

"ஒரு வலையத் தூக்கிட்டு ஓடிப்போய்ப் பறவையப் பிடிக்கிறது மீட்பு இல்லைங்க," என்றார் கிரெய்க். "அதுக்குப் பேரு பிடிக்கிறது. அத யார் வேணா செய்யலாம். எங்க அறக்கட்டளை பன்னெண்டு வருஷமா நடக்குது. இதுவரைக்கும் ஒரு பறவையக்கூட நாங்க அவசரப்பட்டு மீட்டதில்ல. அதுல எனக்குப் பெருமை."

கைதட்டல்.

"எங்ககிட்ட ஆள் இருக்கு. அனுபவம் இருக்கு. முதுகுல படம் இருக்கு. இல்லாதது ஐஸ் மேல போறதுக்கான உடுப்பும் மிதவையும்தான். அதுக்குப் பணம் வேணும். பணம் எப்ப வரும்? பறவை ஆபத்துல இருக்கறப்பதான் வரும். அதனால இந்த நேரத்த நாம வீணாக்கக் கூடாது."

அந்த இடத்தில்தான் அறக்கட்டளையின் பொருளாளர் மார்லிஸ் ஸ்ட்ராண்ட் எழுந்து, கார் முழுகுகிற பந்தயத்தை நினைவுபடுத்தினார். மார்லிஸ் எங்கள் ஊர்க்காரர், முப்பது வருடம் வங்கியில் இருந்தவர். மற்றவர்கள் ஜெபம் செய்யும்போது அவர் கூட்டல் போடுவார். யோசனை ஒருமனதாக நிறைவேறியது. வெர்னாவும் கை தூக்கினார். மறுநாள் வெண்டல் கடையில், மார்லிஸ் பார்த்துக்கொண்டிருக்க, பத்து டிக்கெட் எடுத்தார். எல்லாவற்றிலும் 'ஏப்ரல்' என்று எழுதினார்.

"இது செல்லாது, வெர்னா," என்றார் மார்லிஸ் பொறுமையாக. "டிசம்பருக்குள்ள எழுதணும்."

"டிசம்பர்ல மூடணும்னு நான் ஏன் எழுதணும்?"

"நீங்க எழுதறதனால மூடப் போறதில்ல."

"அப்போ எழுதாததனாலயும் கெட்டுப்போறதில்ல." பொடிமீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெர்னா வெளியே வந்தார்.

ஆர்வோ ஒரே ஒரு டிக்கெட் எடுத்தார். டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள். ஏன் அந்த நேரம் என்று மனைவி கேட்டதற்கு, அந்த நேரத்தில் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளை வரும், எழுந்துபோய்ப் பார்க்க வசதி என்றார்.

டிக்கெட் விற்ற வேகத்தை அறக்கட்டளையே எதிர்பார்க்கவில்லை. கரையில் ஒரு கேமராவை நட்டார்கள்; பறவை நீந்துவதை இணையம் வழியாக உலகம் முழுவதும் பார்த்தது. அரிசோனாவிலிருந்து வாங்கினார்கள், நார்வேயிலிருந்து வாங்கினார்கள். முதல் வாரத்திலேயே உடுப்புக்கும் மிதவைக்கும் வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது. இரண்டாம் வாரத்தில் இரண்டும் வந்து சேர்ந்தன. மிதவை ஆரஞ்சு நிற ரப்பர், ஒரு நல்ல சாப்பாட்டு மேசையைவிட நீளம், நடுவில் சிவப்புக் கண்ணோடு பெரிய லூன் படம்.

இதற்குள் துளை இரண்டு கார் நிறுத்துமிடம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெர்னா அறக்கட்டளையின் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார்.

முன்பு கார் விற்பனைக் கூடமாக இருந்த கட்டடம் அது. மறுவாழ்வுக் குளம் ஒன்று உள்ளே கட்டப்பட்டிருந்தது, தண்ணீர் இல்லை. குளத்துக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்ளும் நன்கொடையாளர் கிடைத்த பிறகுதான் நிரப்புவார்களாம். வெற்றுக் குளத்தின் தரையில் ஆறு பேர், புது உடுப்போடு, வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாத்து. முதலில் போய்ச் சேர்ந்தவர் வாத்திடம் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் கிரெய்க். "இவ்வளவு தயாரா நாங்க என்னைக்கும் இருந்ததில்ல."

"அப்போ நாளைக்கு வந்து எடுத்துடுவீங்களா?"

கிரெய்க் கண்ணை மூடினார். "வெர்னா, உக்காருங்க. ஒரு சின்னச் சட்டச் சிக்கல். டிக்கெட் விக்கறதுக்கு மாநிலத்துல அனுமதி வாங்கியிருக்கோம். துளை இயற்கையா மூடணும், யாரும் அதுல கை வைக்கக் கூடாது, அதான் நிபந்தனை. ஒருத்தன் சுடுதண்ணி ஊத்தினா மோசடி. ஒருத்தன் ஐஸ் அள்ளிப் போட்டாலும் மோசடி."

"சரி. பறவைய எடுத்தா?"

"அந்தத் துளையத் திறந்து வெச்சிருக்கறது எது?"

வெர்னா யோசித்தார். "பறவைதான்."

"பறவைய எடுத்தா அன்னைக்கே மூடிடும். அது கை வைக்கிறதுதான. ஆயிரக்கணக்கான பேர் நல்ல மனசோட குடுத்த பணம், வெர்னா. அவங்க நம்பிக்கைய நாம கொல்லலாமா?"

"அப்போ பறவைய எப்போ எடுப்பீங்க?"

"துளை மூடின உடனே."

"மூடினா பறவை?"

"ஐஸ் மேல உக்காந்திருக்கும். லூனுக்கு நடக்க வராது. கையால எடுத்துடலாம். அறிவியல்பூர்வமா அதான் சரியான நேரம்."

"மரத்துல கழுகு உக்காந்துருக்கே. மூணு நாளா இறங்கி இறங்கிப் பாத்துட்டுப் போகுது."

"அது நாட்டோட சின்னம். அத விரட்டறது பெரிய குற்றம். லூன் மாநிலத்தோட சின்னம். ரெண்டு சின்னங்களுக்கு நடுவுல அறக்கட்டளை ஒரு பக்கம் சாயக் கூடாதுன்னு எங்க குழு தீர்மானம் போட்டிருக்கு."

வெளியே வரும்போது வாசலில் ஒருவர் வெர்னாவின் கையைக் குலுக்கி, முதல் அழைப்பைக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லி, லூன் படம் போட்ட ஒரு சாவி வளையம் கொடுத்தார். வெர்னா காரில் உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு மரியாதையாக யாரும் தன்னை ஏமாற்றியதில்லை என்பதால், ஏமாந்தோம் என்று உறுதியாகச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை.

ஊரில் நிலைமை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. சந்தை என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அது சும்மா இருக்காது. கடுங்குளிர் வருகிறது என்று வானிலை சொன்ன அன்று, சீக்கிரம் மூடும் என்ற டிக்கெட்டுகள் வெண்டல் கடையில் இருபது டாலருக்குக் கைமாறின. தெற்குக் காற்று என்றதும் அவையே இரண்டு டாலருக்கு விழுந்தன. மாதக் கடைசி டிக்கெட் ஏறியது. இரண்டு பக்கத்திலும் வெண்டல் தரகு எடுத்தார். பறவை ஒரு நாள் சோர்ந்து சிறகுக்குள் தலையை வைத்துத் தூங்கியது. அரை மணி நேரத்தில் ஊரில் நானூறு டாலர் இடம் மாறியது. ஏரிக்கரையில் ஆரஞ்சு வலை கட்டி, 'மீட்பு நடைபெறுகிறது, உள்ளே வராதீர்' என்று பலகை வைத்தார்கள்.

சனிக்கிழமை இரவு காற்று அடங்கியது. ஞாயிறு காலை வெர்னா ஜன்னலில் பார்த்தபோது துளை ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருந்தது. பறவை இப்போது சுற்றவில்லை, சுற்ற இடமில்லை. நின்ற இடத்திலேயே காலை அடித்துக்கொண்டிருந்தது.

வெர்னா சர்ச்சுக்குப் போனார், வந்தார், கால்பந்து ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குக் காத்திருந்தார். அந்த நேரத்தில் ஹல்வர்சனில் வீடு பற்றி எரிந்தாலும் அணைக்க ஆள் வராது. கைவலை ஒன்றைக் கனூவில் போட்டு, அதன் கயிற்றை அவர் இழுத்துக்கொண்டு கரையில் கட்டிய ஆரஞ்சு வலையைத் தாண்டியபோது பின்னால் சத்தம் கேட்டது. ஆர்வோ, ஐஸ் உடைக்கும் கடப்பாரையோடு.

"ஆட்டம் என்னாச்சு?"

"தோக்கறாங்க. அத உக்காந்து வேற பாக்கணுமா." ஆர்வோ படகைப் பின்னாலிருந்து தள்ளினார். "ஜெயில்ல ஒரே அறை கேப்போம். நீ குறட்டை விடுவேன்னு முன்னாடியே சொல்லிடு."

"உன் டிக்கெட் நேரம் இன்னைக்குத்தான."

"தெரியும்."

"பாதி வசூல், ஆர்வோ. கூரை மாத்தலாம்."

"தெரியும்னு சொன்னேன்ல. இழு."

துளைக்கு அருகில் ஐஸ் மெலிந்து முனகியது. இருவரும் படகில் ஏறி, ஆர்வோ கடப்பாரையை ஊன்றி ஊன்றித் தள்ளினார். பறவை முக்குளிக்கவில்லை. அதற்கு அந்தத் தெம்பு போய்விட்டது என்று வெர்னா நினைத்தார். அலகைக் கொஞ்சம் திறந்து, அவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. வெர்னா பள்ளிக்கூடத்தில் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் எதையோ சொல்லிக்கொண்டே கைவலையை நீட்டினார். வலையின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. பறவை விலகவில்லை. இன்னும் ஒரு முழம்.

அப்போது சைரன் கேட்டது.

கேமராவை நார்வேயில் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கரையில் மூன்று வண்டிகள். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அறக்கட்டளை விரைந்து செயல்பட்டது. ஆறு பேர் ஆரஞ்சு உடுப்போடு வயிற்றால் ஊர்ந்து, மிதவையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் கிரெய்க், ஒலிபெருக்கியோடு.

"வெர்னா, பயப்படாதீங்க. உங்கள மீட்க வந்திருக்கோம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. சத்தம் போடாதீங்க."

"ஆபத்துல இருக்கறவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

பறவை முக்குளித்தது.

அவர்கள் பயிற்சி எடுத்தபடியே செய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. மிதவையைத் துளையின் மேல் தள்ளினார்கள். நாலு பக்கமும் ஐஸில் பதிந்து, அது கச்சிதமாகப் பொருந்தியது. படகிலிருந்த வெர்னாவைத் தூக்கி, லூன் படத்தின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை கட்டினார்கள். ஒருவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா, மேடம்?"

"மிதவைய எடுங்க. பறவை கீழ இருக்கு."

"கிழமைய சொல்லலயே," என்றார் அவர் பக்கத்திலிருந்தவரிடம், கவலையாக.

மார்லிஸ் கையில் கடிகாரத்தோடு வந்து சேர்ந்திருந்தார். அவர் கவலை வேறு. "கிரெய்க், தண்ணியே தெரியல. துளை மூடினதா எடுத்துக்கணுமா?"

"இயற்கையா மூடலயே. ரப்பரால மூடியிருக்கு."

"நிபந்தனையில 'கண்ணுக்குத் தண்ணீர் தெரியாத நிலை'ன்னுதான் இருக்கு. எதனாலன்னு இல்ல." கரையிலிருந்து வெண்டல் எதையோ கத்தினார், அவரிடம் திங்கட்கிழமை டிக்கெட் நாற்பது இருந்தது.

வெர்னாவின் முதுகில் ஏதோ தட்டியது. இடது தோளுக்குக் கீழே. பிறகு இடுப்புக்குப் பக்கத்தில். ரப்பர் வழியாக, ஒரு விரலால் கதவைத் தட்டுவது போல.

"தட்டுது," என்றார் வெர்னா. "கிரெய்க், அது கீழேருந்து தட்டுது."

"அது நடுக்கம், வெர்னா. குளிர்ல உடம்பு அப்படித்தான் செய்யும்."

"மிதவைய நகத்துங்க."

"நகத்தலாம். ஆனா நீங்க மேல இருக்கீங்க. ஆள் இருக்கற மிதவைய கரையிலேருந்து கயிறு வராம நகத்தக் கூடாது. கயிறு வந்துட்டே இருக்கு."

"அப்போ என்ன இறக்குங்க."

"உங்கள மீட்டுட்டோமே. இனி ஐஸ்ல இறக்க முடியாது."

ஆர்வோவை இரண்டு பேர் போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தார்கள். அவர் போர்வையை உதறிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். மிதவையின் விளிம்புக்குப் பக்கத்தில், ஐஸ் கண்ணாடிபோல் இருந்த இடத்தில் போய் நின்றார். அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று குறுக்கே போனது, திரும்பி வந்தது.

"ஆர்வோ," என்றார் மார்லிஸ், தாழ்ந்த குரலில், நிஜமான அக்கறையோடு. "இது உங்க டிக்கெட் நேரம். மூடினதா நான் எழுதினா பணம் உங்களுக்கு. அந்தக் கடப்பாரை ஐஸ்ல பட்டா டிக்கெட் செல்லாது. நல்லா யோசிங்க."

ஆர்வோ யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவர் கை அப்படியே நின்றது. அதைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் பேசியதில்லை. பிறகு அடித்தார். மறுபடி, மறுபடி. ஐஸ் பிளந்து கருந்தண்ணீர் பொங்கி அவர் பூட்ஸை நனைத்தது. அந்தப் பொத்தலில் பறவை வரவில்லை. அதற்குத் தெரிந்த துளை ஒன்றுதான், அங்கேயேதான் தட்டிக்கொண்டிருந்தது. வெர்னா தன் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டலை உணர்ந்தார். அதற்கப்புறம் வெகுநேரம் கழித்து, லேசாக, இன்னொன்று.

கயிறு வந்தது. கரையில் கைதட்டி, வெர்னாவை இழுத்துச் சேர்த்தார்கள். மிதவை விலகிய தண்ணீரில் பறவை மெல்ல மிதந்து மேலே வந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

பட்டையை அவிழ்த்ததும் வெர்னா திரும்பி ஓடப் பார்த்தார். கிரெய்க் தடுத்தார். "தொடாதீங்க, வெர்னா. செத்திருந்தாலும் மாநிலப் பறவைதான். உங்ககிட்ட உரிமம் இல்ல." உரிமம் உள்ள ஒருவர் போய் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆர்வோவின் டிக்கெட் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கடப்பாரை பட்டுவிட்டதால் மற்ற எல்லா டிக்கெட்டும் செல்லாது என்று மறுநாள் அறிவிக்கப்பட்டது. வசூல் முழுவதும் அறக்கட்டளையிடமே தங்கியது. வெண்டல் ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. பிறகு மிச்சமிருந்த டிக்கெட்டுகளை நினைவுப்பொருள் என்று இரண்டு டாலருக்கு விற்றார். கிவேலாக்களின் மேல் வழக்குப் போடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னபோது, மீட்கப்பட்டவர் மேல் வழக்குப் போடுவது நன்றாக இருக்காது என்று கிரெய்க் பெருந்தன்மையாக மறுத்துவிட்டார்.

மார்ச்சில் ஆண்டு விருந்து. வெர்னாவுக்கு முன்வரிசை மேசையில் இடம் போட்டு அழைப்பு வந்தது.

"போகாத," என்றார் ஆர்வோ.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேட்டா பதில் சொல்லுவாங்க. அதனாலதான் போகாதேன்னேன்."

வெர்னா போனார். வாலாய் மீன் வறுவலும் பேக் செய்த உருளைக்கிழங்கும் முடிந்ததும் கிரெய்க் பேசினார். இந்தக் குளிர்காலம் நமக்கு ஒரு பாடம் என்றார். ஒரு பறவை தன் உயிரைக் கொடுத்து நமக்கு ஒரு மிதவையைக் கொடுத்திருக்கிறது என்றார். கண்ணை மூடினார். மூடியிருந்தபோது பலர் அழுதார்கள். பிறகு மார்லிஸ் ஆண்டுக் கணக்கைப் படிக்க எழுந்தார். வரவு முந்தைய வருடத்தைப்போல் பதினோரு மடங்கு. செலவு: உடுப்பு, மிதவை, வண்டி, விருந்து. குளத்துக்கு நன்கொடையாளர் கிடைத்துவிட்டார், நார்வேக்காரர்.

வெர்னா கை தூக்கினார். "மார்லிஸ், அந்தப் பறவை இதுல எந்த வரிசைல இருக்கு?"

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை, கணக்கில் பொய் எழுதத் தெரியாதவர். "எந்த வரிசைலயும் இல்ல, வெர்னா. நம்ம கதவு வழியா உள்ள வந்த உயிரத்தான் கணக்குல எடுப்போம். அது வரவே இல்ல. வராதது செத்தாலும் நம்ம கணக்குல சாவு இல்ல."

"நான் போன் பண்ணேனே."

"அது இருக்கு. அழைப்புங்கற வரிசைல இருக்கு. இதோ படிக்கறேன், கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, வங்கியில் படிப்பதுபோல் படித்தார்.

"வந்த அழைப்பு, ஒன்று. மீட்புக்குப் புறப்பட்டது, ஒரு முறை. மீட்கப்பட்ட உயிர், ஒன்று. வெர்னா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

கூடம் எழுந்து கைதட்டியது. வெர்னாவும் எழுந்து நின்றார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"காயமின்றி அதன் இயல்பான வாழிடத்துக்கே திருப்பி விடப்பட்டது, ஒன்று. உயிரிழப்பு, இல்லை. மீட்பு விகிதம், நூற்றுக்கு நூறு. பாக்கி, எதுவுமில்லை."